மூக்கில் தும்பிக்கை

குறட்டை விடுகிற எவரைக் கேட்டாலும், ''நானா? சான்ஸே இல்லை!'' என்பார். தன் குறட்டையைத் தானே கேட்டவர் கிடையாது. அதற்குச் சாட்சி வேண்டும். பேச்சிலருக்கு ரூம்மேட், மற்றவர்களுக்கு மனைவி.

ஆஸ்துமா எனக்குப் பழைய சிநேகிதன். விடிகாலை மூன்று, நாலு மணிக்குத்தான் வருவான். ஒழுங்காக இன்ஹேலர் எடுத்தும் போன வருஷம் அவன் வரவு அதிகமானது. பகலில் ஆபீஸ் மீட்டிங்கில் தூங்கினேன். அங்கே எல்லோருமே தூங்குவதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மனைவிதான் டாக்டரிடம் சாட்சி சொன்னாள்: ''குறட்டை திடீர்னு நின்னுடுது டாக்டர். பத்து எண்றேன், பதினைஞ்சு எண்றேன்... மூச்சையே காணோம். அப்புறம் லாரி ஸ்டார்ட் ஆகற மாதிரி ஒரு சத்தம்!''

ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்துவிட்டு, ''ஸ்லீப் ஆப்னியா'' என்றார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது. பத்து விநாடி, அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. ஆஸ்துமாக்காரர்களிடம் இது அதிகமாம். இது இருந்தால் ஆஸ்துமாவும் லேசில் அடங்காது.

இதற்குத்தான் 'ஸீபேப்'. டிபன் டப்பா சைஸில் ஒரு பெட்டி, குழாய், மாஸ்க். ராத்திரி முழுக்க லேசான அழுத்தத்தில் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். அதற்கு முன் கடுமையான கேஸ் என்றால் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் வைத்தியம். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊதவிட்டு இதை ஆரம்பித்துவைத்தார்.

முதல் நாள் மாட்டிக்கொண்டதும் என் பையன், ''அப்பா, பிள்ளையார்!'' என்று தோப்புக்கரணம் போட்டான். ஒரு மாதத்தில் மனைவி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

''அப்ப இன்ஹேலருக்கு டாட்டாவா?'' என்றார் பக்கத்து சீட் நண்பர்.

கூடவே கூடாது. மெஷின் காவல் காப்பது தொண்டையை. ஆஸ்துமா குடியிருப்பது அதற்கும் கீழே, நுரையீரலின் சின்னக் குழாய்களில். அங்கே வீக்கத்தைக் குறைப்பது இன்ஹேலர் மருந்துதான். மவுண்ட் ரோடு க்ளியர் ஆனால் சந்தும் க்ளியர் ஆகிவிடுமா? இழுப்பு வந்தால் கை போகவேண்டியது இன்ஹேலருக்கு. அடங்காவிட்டால் கால் போகவேண்டியது ஆஸ்பத்திரிக்கு. ஆப்னியா இல்லாத ஆஸ்துமாக்காரர் ஆசைப்பட்டு மெஷின் வாங்கினால் காசுதான் நஷ்டம்.

வேலையும் உண்டு. தினம் மாஸ்க்கைக் கழுவ வேண்டும். காற்றை ஈரமாக்கும் தொட்டியில் தண்ணீர் மாற்ற வேண்டும். வறண்ட காற்று ஆஸ்துமாவுக்கு ஆகாது.

இன்றைக்கு ரூம்மேட் குறட்டை விட்டால் உடனே தலையணையை எறியாதீர்கள். நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால், எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் காலையில் அவனிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். தாண்டாவிட்டால் தலையணை உங்கள் இஷ்டம்.