நான்கு தட்டுகள், ஒரே பிரதி

வன்தட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு ‘நூல்களைக் காப்பாற்றிவிட்டோம்’ என்று நம்பும் தமிழ்ச் சேகரிப்பாளர்களோடு எனக்கொரு வழக்கு உண்டு. அவ்வழக்கில் முதற் குற்றவாளி நானே என்பதால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

தா.பழூரில் என் வீட்டு மாடியறையில் ஒரு சிறு சேமிப்பு வழங்கி இருக்கிறது. நான்கு டெராபைட் கொண்ட தட்டுகள் நான்கு. பதினைந்தாண்டுகளாக நான் ஸ்கேன் செய்த சிற்றிதழ்கள், அன்பர்கள் வீட்டுப் பரண்களில் கிடந்த ஏடுகளின் படங்கள், கொள்ளிடக்கரை ஊர்களில் மாணவர்களோடு சென்று பதிவுசெய்த ஒப்பாரிகள், நடவுப் பாடல்கள் எல்லாம் அதற்குள்தான். ‘ஒரு தட்டு போனாலும் ஒன்றும் ஆகாது’ என்று கேட்டவரிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

நான் பேசியது பொய்யன்று, அரை உண்மை. ரெய்டு எனப்படும் இம்முறையை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் ஒரு கட்டுரையில் விளக்கினர். அதன் ஐந்தாம் வகையே என்னுடையது. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதிவைத்தால், ஓரெண் அழிந்தாலும் மற்றவற்றைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். இரண்டு அழிந்தால் முடியாது. தத்துவம் இவ்வளவுதான்.

சென்ற கோடையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு வாரத்தில் முதல் தட்டு செயலிழந்தது. புதியதொன்றை வாங்கிப் பொருத்தினேன். அழிந்ததை மீளக் கணக்கிட, எஞ்சிய மூன்று தட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். ஒன்றாக வாங்கி, ஒன்றாக மூத்த தட்டுகள் அவை. ஆண்டுக்கணக்கில் யாரும் திறவாத மூலைகளை அன்றுதான் தொட்டது இயந்திரம். பாதி வழியில் இரண்டாவது தட்டு படிக்க மறுத்தது. அடுக்கு முழுவதும் அணைந்தது.

கடைக்காரர் ‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்றார். அதற்கு நான் இணங்காததே இக்கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம். அந்நிலையில் செய்யத்தக்கது, பழைய தட்டுகளில் ஓர் எழுத்தும் எழுதாமலிருப்பதுதான். டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, மூன்று தட்டுகளையும் புதிய தட்டுகளுக்கு அப்படியே படியெடுத்தேன். அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எடுத்துக்கொள்ளும். பழுதான இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர் மீண்டும் மீண்டும் முயலும். நோயுற்ற தட்டுக்கு மட்டும் ஐந்து நாள் பிடித்தது. பிறகு அந்தப் படிகளை இணைத்து அடுக்கை எழுப்பினேன். பெரும்பகுதி மீண்டது. சில கோப்புகள் மீளவில்லை. அவற்றுள் ஒன்று, ஒரு மூதாட்டி பாடிய நாற்பது நிமிட ஒப்பாரி. அவர் இன்று இல்லை.

நான்கு தட்டுகளில் இருந்தும் அவ்வொப்பாரி ஒரே பிரதியாகத்தான் இருந்தது. தட்டுகளின் எண்ணிக்கையைப் பிரதிகளின் எண்ணிக்கை என்று மயங்கினேன். கைதவறி ஒரு கோப்பை அழித்தாலும், வீட்டில் தீப்பிடித்தாலும், இடி இறங்கினாலும் நான்கும் சேர்ந்தே போகும்.

தமிழ் படித்தவனுக்கு இது புதிய பாடமா? சிறுவயதில் எங்கள் அரியலூரிலும் குன்னத்திலும் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பிக்க முடிந்தது, அது பல வீடுகளில் பல பிரதிகளாகச் சிதறிக் கிடந்ததால்தான். ஓரேட்டில் சிதைந்த அடியை மற்றோரேடு கொடுத்தது. எந்த ஏட்டிலும் இல்லாத 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதியுள்ள நூலை மறுபடி வாங்கலாம். பிரதியற்ற சுவடிக்கு எங்கே போவது?

‘கொடுத்தால் திருடிவிடுவார்கள், என் பெயரின்றி வெளியிடுவார்கள்’ என்கிறார்கள் நண்பர்கள். திருடப்பட்ட நூல் உலகில் எங்கோ இருக்கிறது. பூட்டிவைத்த நூல் பூட்டோடு போகிறது. பதிப்புரிமை பற்றிய தயக்கம் மட்டும் நியாயமானது. ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு கழியாத படைப்புகளை இணையத்தில் பரப்பச் சொல்லவில்லை. நம்பத்தக்க இருவரிடம் ஒரு படியை ஒப்படைத்துவைக்க எது தடை? உரிமைச் சிக்கல் இல்லாதவற்றையேனும் பொதுவில் வைக்கலாமே! 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முகப்பை நீக்காமல் யாரும் படியெடுக்கலாம் என்று வழிகாட்டியது. 2005 முதல் ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் அதைச் செய்துவருகிறது.

கணினியறிந்தோர் சொல்லும் விதி எளியது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றாவது வெளியூரில். ஏடெழுதியோர் இவ்விதியைப் பெயரிடாமலே கடைப்பிடித்தனர். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களை வகுப்பறைகளில் நாம் இகழ்கிறோம். அவர்களுக்கு அறியாமை இருந்தது. நமக்கு இருப்பது உடைமையாசை.

இப்போது என் சேகரிப்பின் ஒரு படி திருச்சியில் ஒரு நண்பரிடமும், மற்றொன்று ஒரு முன்னாள் மாணவியிடமும் இருக்கிறது. ஒப்பாரியை அன்றே அந்த மூதாட்டியின் பேரனுக்கு ஒரு குறுந்தகட்டில் பதிந்து கொடுத்திருக்கலாம். அவர் கேட்கவும் செய்தார். ‘திருத்தி ஒழுங்குபடுத்திவிட்டுத் தருகிறேன்’ என்றேன்.