பெண்ணிடம்தானே விட்டிருக்கிறோம்?



திருநின்றவூரிலிருந்து அம்பத்தூருக்கும் சென்னைக்கும் காலை ரயிலில் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததாகவே கருதப்படுகிறது. மதரஸாவிலும் அப்படித்தான், ஆலிமா ஒருவர் பொறுப்பிலிருந்தால் அதற்குமேல் எவரும் விசாரிப்பதில்லை.

ஃபிராங்கா கோர்டோனியும் உடன் ஆய்வாளர்களும் 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காவல்துறைக்கு வந்த பாலியல் குற்றங்களில் பெண்கள் செய்தவை ஏறத்தாழ 2 விழுக்காடு. பாதிக்கப்பட்டோரிடமே கேட்டறிந்த கணக்கெடுப்புகளிலோ ஏறத்தாழ 12 விழுக்காடு. பெரியவர்களுக்கு இழைக்கப்பட்டவையும் இக்கணக்கில் அடங்கும். குற்றம் புரிவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்களே. பெண்களைச் சந்தேகிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. அவ்விரு எண்களுக்கும் இடையே புகாராகாமல் போனவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

நம் நாட்டில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, பாலியல் துன்பத்திற்கு ஆளானதாகக் கூறியவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் சிறுவர்கள் என்று காட்டியது. ‘ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?’ என்று கேட்போர் இதை அறிய வேண்டும்.

சூரா யூஸுஃபை ஆண்டுதோறும் ஓதுகிறோம். சிறுவராக விலைக்கு வாங்கப்பட்டு ஒரு வீட்டில் வளர்ந்த யூஸுஃப் (அலை) அவர்களைப் பருவமடைந்தபின் நெருங்கியவர் அவ்வீட்டின் எஜமானி. சட்டை பின்புறம் கிழிந்திருந்தது கண்டு உண்மை விளங்கியது. விளங்கிய பின்னரும் சிறைக்குச் சென்றவர் அவரே. வீட்டின் மானத்திற்காகக் குற்றமற்றவரை ஒதுக்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

‘முஸ்லிமின் குறையை மறைத்தல் நன்மையல்லவா?’ என்று சிலர் கேட்கின்றனர். ஒருவர் தமக்கும் தம் இறைவனுக்கும் இடையே செய்த பாவத்திற்குரியது அது. பிறருக்கு இழைத்த அநீதிக்கு அது பொருந்தாது. நான்கு சாட்சிகள் என்பது விபச்சாரத்திற்கான ஹத்துத் தண்டனையின் நிபந்தனை. ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்பதற்கு யார் அந்த நிபந்தனையை விதித்தது?

2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் சிறுவர், சிறுமியர் இருவரையும் காக்கிறது. குற்றம் சாட்டப்படுபவர் பெண்ணாகவும் இருக்கலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை அறிந்தும் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மதரஸா நிர்வாகிகள் இதைக் கவனமாகப் படிக்கட்டும்.

வைகறைக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் என மூன்று வேளைகளில் அனுமதி கேட்டு உள்ளே வரும்படி பிள்ளைகளைப் பழக்கச் சொல்கிறது சூரா அந்நூர். தனக்கும் பிறருக்கும் அந்தரங்கம் உண்டென்று பிள்ளை அங்கேதான் கற்கிறது. அத்துடன், அத்தை, சித்தி, உஸ்தாதா என எவர் தொட்டது பிடிக்காவிட்டாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்பதையும் கற்பியுங்கள். சொன்னால் அடிக்காதீர்கள், ‘அவங்களா? இருக்காது’ என்று வாயை அடைக்காதீர்கள். 1098 என்ற எண்ணை அழையுங்கள். ஜமாஅத்தின் பஞ்சாயத்துக்கு அதன் பிறகு வரலாம்.