வாழைச்சேனை கடதாசி ஆலை: திறப்பு விழாவுக்குப் பிறகு என்ன?

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை என்பதே காரணம். அதே மாதம் ‘த ஐலன்ட்’, ‘திவயின’ பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சில் வருவது நின்றது. கடதாசி வாங்க நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. வாழைச்சேனையில் ஒரு கடதாசி ஆலை இருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்துத் திட்டங்களின் தொடர்ச்சியாகவே காங்கேசன்துறை சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனை கடதாசி ஆலை ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. வாழைச்சேனை ஆலை 1950களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கியது. அதன் மூலப்பொருள் நம் வயல்களின் வைக்கோல். பரந்தனில் உற்பத்தியான காஸ்டிக் சோடாவும் குளோரினும் கடதாசித் தொழிலுக்கு அவசியமானவை. வடக்கின் ஒரு தொழிற்சாலையும் கிழக்கின் ஒரு தொழிற்சாலையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கக்கூடிய அமைப்பு அது. ஆலையை நம்பித் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தன.

யுத்தம் மட்டுமா காரணம்?

யுத்தம் ஆலையை முடக்கியது. 1980களின் நடுப்பகுதியில் பரந்தன் தொழிற்சாலையும் நின்றது. யுத்தக் காலத்தில் வாழைச்சேனை ஆலைப் பகுதி இராணுவ முகாமாகவும் இருந்தது. சம்பளம் வாங்கிய அதே வாசலைப் பயத்தோடு கடந்து போன நினைவு இங்கு பலருக்கு உண்டு. ஆலை மீளத் திறக்கப்படும் என்ற செய்தி அவர்களுக்கு வெறும் பொருளாதாரச் செய்தி அல்ல.

ஆனால் எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போட்டால் பாதி உண்மை மறைந்துவிடும். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோதே உள்ளூர்க் கடதாசி விலைப் போட்டியில் திணறியது. தொழில்நுட்பத்திலும் சிக்கல் இருந்தது. வைக்கோலை காஸ்டிக் சோடாவில் அவிக்கும்போது கறுப்பான கழிவுத் திரவம் மிஞ்சும். அதிலிருந்து இரசாயனத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தினால் செலவும் குறையும், நீரும் கெடாது. ஆனால் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது கருவிகளில் படிந்து அந்த வேலையைக் கெடுக்கும். வாவிக்கு அருகிலுள்ள ஆலைக்கு இது சின்ன விடயம் அல்ல. கடதாசித் தொழிலாளியின் சோறும் மீனவரின் சோறும் ஒரே நீரில்தான் தங்கியிருக்கின்றன.

புகளூரில் நடந்தது

இதே காலத்தில் தமிழ்நாடு வேறொரு வழியில் போனது. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் 1980களில் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் அரசு நிறுவனம்தான், அதுவும் விவசாயக் கழிவை நம்பியதுதான். மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்தே நீராவி எடுத்துவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளும் கொதிகலனும் கொடுத்து, பதிலுக்குச் சக்கையை வாங்க நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. சுத்திகரித்த கழிவுநீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனமாகப் போகிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயுவும் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 90,000 தொன் கொள்ளளவுடன் தொடங்கிய ஆலை பின்னர் பல மடங்கு வளர்ந்தது.

தமிழ்நாட்டின் அளவு வேறு, நம்முடைய அளவு வேறு. யுத்தமும் அங்கு இருக்கவில்லை. ஆனாலும் மூலப்பொருள் தருபவருக்கு என்ன கிடைக்கும், கழிவு எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் தேடினார்கள். புதுமை என்பது வெளிநாட்டிலிருந்து புது இயந்திரம் இறக்குவது மட்டும் அல்ல என்பதை அது காட்டுகிறது.

இங்கே கேட்க வேண்டியவை

வாழைச்சேனை ஆலையைக் கழிவுக் கடதாசியைக் கொண்டு மீள இயக்கும் முயற்சி அண்மைய ஆண்டுகளில் நடந்தது. அரசாங்கங்கள் மாறினாலும் வாக்குறுதி மாறவில்லை. நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மூலப்பொருள். படுவான்கரையில் சூடடித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்தில் குவிந்திருக்கும். இன்று அறுவடை இயந்திரம் அதை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அதைக் கட்டி ஏற்றும் செலவு யாருடையது? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் போராடும் பண்ணையாளர்களுக்கு வைக்கோல் மாட்டுத் தீவனமும்கூட. கழிவுக் கடதாசிதான் வழி என்றால், உள்ளூராட்சி மன்றங்கள் அதைத் தரம்பிரித்துச் சேகரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆட்கள். பழைய ஆலையின் இயந்திரங்களைத் தெரிந்தவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்களின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் போக இன்னும் கொஞ்சக் காலமே இருக்கிறது. நம் பிள்ளைகள் தொழிற்பயிற்சி முடித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். வேலைத்தளம் இல்லாத ஊரில் பயிற்சி, ஆட்களை ஏற்றுமதி செய்வதில்தான் முடியும். ஆலைக்குள்ளேயே சம்பளத்துடன் பயிலுநர் திட்டம் வேண்டும். யுத்தத்தில் துணையை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சந்தை. இலங்கையில் பாடநூல்கள் 1980 முதல் இலவசம். கடதாசியைப் பெருமளவில் வாங்குவதில் அரசே முன்னணியில் இருக்கிறது. கோப்பு அட்டை, பொதிமட்டை, விடைத்தாள் ஆகியவற்றில் ஒரு பங்கையாவது இத்தனை ஆண்டுகளுக்கு வாழைச்சேனையிடம் வாங்குவோம் என்று எழுத்தில் உறுதி தரலாம். அதில் அரசுக்கு நட்டம் வந்தால் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏறாவூர் புன்னைக்குடாவில் திட்டமிடப்பட்ட துணி உற்பத்தி வலயத்துக்கும் இவை பொருந்தும். துணிக்குச் சாயமிடவும் நிறைய நீர் வேண்டும், அந்தக் கழிவுநீருக்கும் ஒரு வழி வேண்டும்.

அடுத்த முறை அமைச்சர் ஒருவர் வாழைச்சேனையில் நாடா வெட்ட வரும்போது, வைக்கோல் எங்கிருந்து வரும், வேலை யாருக்கு, கடதாசியை வாங்குவது யார், கழிவு எங்கே போகும் என்று நம் ஊர்ச் சங்கங்கள் கேட்கட்டும். பதில் எழுத்தில் வரும்வரை அது இன்னொரு திறப்பு விழா மட்டுமே.