மௌனம் அல்ல

நம் கவிஞர்களுக்கு மௌனத்தின்மீது ஒரு மோகம். யார் பேசாமல் இருந்தாலும் அதில் ஆழம் காணப் பழகிவிட்டார்கள். ஓசூர் சிப்காட் ஆலை வாசல்களில் காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தினரைப் பற்றியும் அப்படியொரு கவிதை எழுதிவிடலாம். அவர்களுள் தன்பால் ஈர்ப்புள்ள ஒருவர், இரவெல்லாம் தூக்கமின்றித் தவிப்பவர், ஏன் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை என்ற கேள்வி மட்டும் கவிதைக்குள் வராது.

இதைக் கேட்டபோது நண்பர் ஒருவர் சொன்னார்: “377 போய்விட்டது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் நிம்ஹான்ஸ். இனியும் போகாவிட்டால் அது அவருடைய கூச்சம்.” படித்தவர்கள் பலருடைய எண்ணமும் இதுதான். யோசிக்கச் சோம்பியவர்களின் எண்ணம்.

2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு பாசறை வாசலிலேயே நின்றுவிட்டது. 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு 7 ஆண்டுவரை சிறை என்கிறது. ராணுவத்தில் இதை அனுமதிக்கமாட்டோம் என்று 2019 ஜனவரியில் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத் சொன்னார். தன் பால்விருப்பை 2020இல் பகிரங்கமாகச் சொன்ன முன்னாள் மேஜர் ஜே. சுரேஷின் அனுபவத்தைத் தழுவி ஓனிர் எழுதிய திரைக்கதைக்கு, 2022இல் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி மறுத்தது. கற்பனையில்கூட அப்படியொரு சிப்பாய் இருக்கக்கூடாது.

சரி, சிகிச்சை? கடற்படையில் இருந்த சபி கிரி, பெண்ணாக மாறும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு விசாகப்பட்டினத்தில் மனநல வார்டில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டதாகச் சொன்னார். 2017 அக்டோபரில் வேலையும் போயிற்று. பால்விருப்பும் பாலின அடையாளமும் வேறுவேறுதான். ஆனால் படையில் இருந்த எவருக்கும் இதில் கிடைக்கும் பாடம் ஒன்றே: மனநல வார்டும் ஒரு தண்டனை அறை.

ஓய்வு பெற்ற பிறகாவது? முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டம் 2003இல் வந்தது. அதில் கைக்காசு செலவில்லாமல் வெளி மருத்துவமனைக்குப் போகப் பொதுவாகப் பாலிகிளினிக்கின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பவர் ஓய்வு பெற்ற அதிகாரி. வரிசையில் முன்னும் பின்னும் பழைய சகாக்கள். அந்த இடத்தில் ஒருவர் ‘தூக்கம் வரவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டு மாத்திரையுடன் திரும்பினால், அதன் பெயர் கூச்சமல்ல, ஜாக்கிரதை.

பால்விருப்பைக் காரணம் காட்டி மனநல சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. 46ஆம் பிரிவும் அதன் பக்கத்திலேயே உயிரோடிருக்கிறது. பிரிட்டன் 2000 வரை இவர்களைப் படையிலிருந்து விரட்டியது. 2023 ஜூலை 19இல் அதன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். நாமோ இப்படி ஒருவர் இருந்தார் என்பதையே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

46ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். சீட்டில்லாமல் நேரே மனநல மருத்துவரிடம் போக வழி வேண்டும். இவற்றைக் கேட்காமல் அவருடைய மௌனத்தை அழகென்று எழுதுகிறவர், அவர் வாயைப் பொத்தியவர்களின் பக்கம்தான் நிற்கிறார்.