கதிரையில் இருப்பவருக்கு இன்னொரு கதிரை

பிரஸ்ஸல்ஸில் எல்லாருக்கும் ஒரு சங்கம் இருக்கு. பால் பண்ணைக்காரருக்கு இருக்கு, விமானக் கம்பனிகளுக்கு இருக்கு, தொழிலாளருக்கு இருக்கு. கம்பனிப் பணிப்பாளர்களுக்கும் இருக்கு! பெயர் எக்கோடா. ஐரோப்பிய நாடுகளில் இயங்கும் பணிப்பாளர் நிறுவகங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு அது. ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபைக்கு என்ன கடமை, அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் யோசிக்கத் தொடங்கினால், பணிப்பாளர்களின் குரலாக அங்கே போய் நிற்பது இந்தக் கூட்டமைப்புத்தான்.

அதில என்ன பிழை எண்டு கேப்பீங்கள். சங்கம் வைப்பது யாருக்கும் உள்ள உரிமை, அதை நான் மறுக்கேல்ல. என்ர பிரச்சினை வேற. தொழிற்சங்கம் வாய் திறந்தால் ‘அவையள் தங்கட ஆக்களுக்காகக் கதைக்கினம்’ எண்டு எல்லாருக்கும் விளங்கும். பணிப்பாளர் சங்கம் அதே வேலையைச் செய்யும்போது மட்டும் அதற்கு ‘நிபுணர் கருத்து’ என்று மரியாதை கிடைக்கிறது. தன் கடமை எவ்வளவு என்று தீர்மானிக்கும் இடத்தில் தானே ஆலோசனை சொல்பவர் நிபுணராக இருக்க முடியாது. அவர் வழக்கில் ஒரு தரப்பு. அவரைத் தரப்பாகத்தான் நடத்த வேண்டும்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கடந்த சில வருடங்களில் என்ன நடந்தது எண்டு பாருங்கோ.

2013 ஏப்ரல் 24 அன்று, பங்களாதேசின் தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்தில் உள்ள சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1100க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள். பெரும்பாலானோர் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு உடுப்புத் தைத்தவர்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புத் தெரிந்தது. கீழ் மாடிகளில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தைக்கிற ஆக்களை மட்டும் அடுத்த நாளும் உள்ளே அனுப்பினார்கள்.

அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரையும் தொழிற்சாலை முதலாளிகளையும் பிடிக்கலாம். ஆனால் இன்ன விலைக்கு, இன்ன திகதிக்குள் உடுப்பு வேண்டும் என்று கட்டளை கொடுத்த பெரிய கம்பனிகளை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பிரான்ஸ் 2017இல் ஒரு சட்டத்தால் பதில் சொன்னது. பெரிய கம்பனிகள் தங்கள் வழங்கல் சங்கிலி முழுவதிலும் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜேர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இடையில், 2022 பெப்ரவரி 23 அன்று, ஐரோப்பிய ஆணைக்குழு முழு ஒன்றியத்துக்குமான ஒரு வரைவை முன்வைத்தது.

அந்த வரைவில் இரண்டு தளங்கள் இருந்தன. ஒன்று, கம்பனிக்கான கடமை. மற்றது, பணிப்பாளர்களுக்கான கடமை. கம்பனியின் நலனுக்காக முடிவெடுக்கும்போது அந்த முடிவு மனித உரிமைகளையும் காலநிலையையும் சூழலையும் என்ன செய்யும் என்று பணிப்பாளர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது 25ஆம் உறுப்புரை. தேடிப் பார்த்துத் தடுக்கும் அந்த வேலையை ஒழுங்குபடுத்தி மேற்பார்வை செய்வதும் அவர்கள் பொறுப்பு என்றது 26ஆம் உறுப்புரை. அதாவது, ‘கம்பனி’ என்ற முகமில்லாத பெயருக்குப் பின்னால் கையெழுத்துப் போடும் மனிதர்களையும் சட்டம் கொஞ்சம் தொட்டது.

தொட்டதும் சுட்டுவிட்டது. வணிகச் சங்கங்கள் எதிர்த்தன, பணிப்பாளர் கூட்டமைப்பும் எதிர்த்தது. 2022 டிசம்பரில் உறுப்பு நாடுகளின் பேரவை தன் நிலைப்பாட்டை எடுத்தபோது பணிப்பாளர்களின் கவனக் கடமை அதில் இல்லை. 2024இல் நிறைவேறிய இறுதிச் சட்டத்திலும் அந்த இரண்டு உறுப்புரைகளும் இல்லை. கம்பனிக்குக் கடமை இருக்கு, கம்பனியை ஓட்டுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு வரிகூட இல்லை. பஸ்ஸுக்குத் தண்டம், சாரதிக்குக் கும்பிடு!

அவர்களுடைய வாதங்களில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆணைக்குழு ஆதாரமாகக் காட்டிய 2020ஆம் ஆண்டு ஆய்வு பலவீனமானது. கம்பனிகள் பங்குதாரருக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிக் காட்டிய அந்த ஆய்வு, அதே காலத்தில் பங்குதாரர்கள் கம்பனிகளுக்குள் புதிதாகப் போட்ட பணத்தைச் சரியாகக் கழிக்கவில்லை என்று புலமையாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். ஆணைக்குழுவின் தர மதிப்பீட்டுச் சபையே இந்தத் திட்டத்தின் தாக்க மதிப்பீட்டுக்கு இரண்டு தடவை எதிரான அபிப்பிராயம் கொடுத்தது. ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

ஆனால் ஆய்வு பலவீனமென்றால் நல்ல ஆய்வைக் கேட்க வேண்டும். கடமையையே தூக்கச் சொல்வது எந்த நியாயம்?

அவர்களின் அடுத்த வாதம் இன்னும் பிரபலமானது. ‘எல்லாருக்கும் பொறுப்பானவர் ஒருவருக்கும் பொறுப்பில்லாதவர் ஆகிவிடுவார்’ என்கிறார்கள். கேட்க அழகாய் இருக்கு. ஆனால் இது கடமையைப் பற்றிய பிரச்சினை இல்லை, யார் வழக்குப் போடலாம் என்பது பற்றிய பிரச்சினை. பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 172ஆம் பிரிவு ஊழியர், வழங்குநர், சமூகம், சூழல் எல்லாவற்றையும் பணிப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. அதனால் அங்கே பணிப்பாளர்கள் வேலை செய்ய முடியாமல் திணறிப் போகவில்லை. ஏனெண்டா அந்தக் கடமை கம்பனிக்குச் செய்ய வேண்டிய கடமை. மீறினால் கம்பனியோ, அதன் சார்பில் பங்குதாரரோதான் வழக்குப் போடலாம். ஊழியரோ ஊராரோ போக முடியாது. பொறுப்பு மங்கிப்போகும் என்று உண்மையிலேயே கவலைப்படுகிறவர், பாதிக்கப்பட்டவருக்கும் வழக்குப் போடும் உரிமை கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் பணிப்பாளர் சங்கத்தை நான் இன்னும் காணேல்ல.

சரி, சட்டம் வேண்டாம், எங்கள் தொழில்முறைத் தீர்ப்பை நம்புங்கள் என்கிறார்கள். 1992இல் பிரித்தானியாவில் கட்பரி அறிக்கை தொடக்கிவைத்த ‘பின்பற்று, இல்லாவிட்டால் விளக்கு’ என்ற முறை பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. விதியை மீறலாம், ஏன் என்று சொன்னால் போதும். இந்த நம்பிக்கையின் விலையை 2020 ஜூனில் ஜேர்மனி பார்த்தது. வயர்கார்ட் என்ற கம்பனியின் கணக்கில் இருக்க வேண்டிய 1.9 பில்லியன் யூரோ அங்கே இல்லை என்று தெரிந்து அது விழுந்தது. நாட்டின் 30 பெரிய பங்குகளின் சுட்டெண்ணில் இருந்த கம்பனி அது. அதற்கும் ஒரு மேற்பார்வைச் சபை இருந்தது, ஆளுகை அறிக்கை இருந்தது, எல்லாம் இருந்தது.

இன்னொன்றும் கேட்க வேணும். ‘பணிப்பாளர்’ என்றால் யார்? ஜேர்மனியில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2000க்கு மேல் ஊழியர் உள்ள கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி ஆசனம் ஊழியர் தரப்புக்கு. வாக்குச் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு, அவர் வழமையாகப் பங்குதாரர் தரப்பு ஆள். ஆகவே அது முழுச் சமத்துவமில்லை. ஆனாலும் இயந்திரத்தில் வேலை செய்கிறவரும் தொழிற்சங்கக்காரரும் அந்த மேசையில் இருக்கிறார்கள். சுவீடனிலும் ஊழியர் பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார்கள். அவர்களும் சபை உறுப்பினர்கள்தானே? பிறகு எப்படி ‘சபைகளின் குரல்’ எப்போதும் பங்குதாரர் தரப்பின் குரல் மாதிரியே கேட்கிறது?

2025இல் கதை இன்னும் பின்னால் போனது. ‘எளிமைப்படுத்தல்’ என்ற பெயரில் அந்தச் சட்டத்தைத் திருத்தும் பொதியை ஆணைக்குழு பெப்ரவரியில் கொண்டுவந்தது. 2024 சட்டம் 1000 ஊழியரும் 450 மில்லியன் யூரோ விற்பனையும் உள்ள ஐரோப்பியக் கம்பனிகளைத் தொட்டது. 2025 டிசம்பரில் எட்டப்பட்ட இணக்கத்தில் அந்த எல்லை 5000 ஊழியர், 1.5 பில்லியன் யூரோ என்று உயர்ந்தது. ஒன்றியம் முழுவதற்குமான பொதுவான நட்டஈட்டுப் பொறுப்பு விதியும் கழன்றது. முதலில் மனிதரை விடுவித்தார்கள், பிறகு பெரும்பாலான கம்பனிகளையும் விடுவித்தார்கள். ஒழுங்கு அதுதான்.

எங்களுக்கு இதில என்ன? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கட்டுநாயக்காவிலும் தைக்கிற உடுப்பில் ஒரு பங்கு ஐரோப்பாவுக்குப் போகுது. ஒரு உடுப்புக்கு என்ன விலை, எத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்ற முடிவு இறங்கி இறங்கி வந்து, கடைசியில் ஒரு லைனில் இருக்கும் அக்காவின் அன்றைய டார்கெட் ஆகிறது. அந்த முடிவை எடுக்கிற சபையில் அவவுக்கு இடமில்லை. அந்தச் சபைக்கு என்ன கடமை என்று சட்டம் எழுதுகிற மேசையிலும் சபைக்காரர் உட்கார்ந்துகொண்டால், அவவின் பேச்சு எங்கே ஏறும்?

ஆகவே மூன்று விசயம் கேட்கிறேன். முதலாவது, பணிப்பாளர்களின் கடமை பற்றிய எந்தக் கலந்துரையாடலிலும் பணிப்பாளர் சங்கங்களை நிபுணர் பட்டியலில் வைக்காமல், தரப்புப் பட்டியலில் வைக்க வேண்டும். இரண்டாவது, ‘சபைகளின் கருத்து’ கேட்கப்படும்போது ஊழியர் தரப்புச் சபை உறுப்பினர்களின் கருத்தும் அதே எடையுடன் கேட்கப்பட வேண்டும். மூன்றாவது, வழங்கல் சங்கிலியின் அடியில் வேலை செய்கிறவர்களின் அமைப்புகளை, அவை ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும், செலவு கொடுத்து அழைத்து உட்கார வைக்க வேண்டும். பணிப்பாளரிடம் பிரஸ்ஸல்ஸ் போகக் காசு இருக்கு. அந்த அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவே பெரிய விசயம்.

சட்டம் கடினமாய் இருக்கு, தெளிவில்லை எண்டு பணிப்பாளர்கள் தாராளமாக முறையிடட்டும். ஆனால் அந்த முறைப்பாட்டை வாசிக்கிறபோது ஒன்றை மறக்கக் கூடாது. அதை எழுதியவரின் கையில்தான் அந்தக் கட்டளையில் போட்ட பேனாவும் இருக்கு.