முள் தைத்தது காலில், நெறி கட்டியது தொடையில்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் மதரஸாவுக்குப் பத்து வயது மாணவன் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்தான். வரப்பில் நடக்கும்போது குதிகாலில் கருவேல முள் தைத்துவிட்டதாம். முள்ளை எடுத்தாகிவிட்டது. ஆயினும் இரண்டு நாள் கழித்துத் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி எழும்பி, தொட்டால் வலித்தது. "நெறி கட்டியிருக்கிறது, தானாக அமுங்கிவிடும்" என்று அவன் தாயார் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஹஜ்ரத், முள் குத்தியது காலில், கட்டி ஏன் தொடையில் வந்தது?" என்று கேட்டான்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன், மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை அறிந்திருந்தேன். அதை நான் அறிந்துகொண்ட கதை சற்று வருத்தத்துக்குரியது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அந்தச் சிறுவனுக்குச் சொன்ன விடையைக் கேளுங்கள்.

நம் உடலில் இரத்தம் ஓடும் குழாய்களை அனைவரும் அறிவோம். அவற்றோடு வேறொரு வாய்க்கால் அமைப்பும் உடலெங்கும் பரவியிருக்கிறது. இரத்தக் குழாய்களின் மெல்லிய சுவர் வழியாகக் கசியும் நீர் சதைகளுக்கிடையே தங்கும். நாள்தோறும் சில லிட்டர் அளவுக்குத் தங்கும் அந்த நீரைத் திரட்டி, மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது இந்த வாய்க்கால்களின் வேலை. அதில் ஓடுவது நிணநீர். அந்த வாய்க்கால்கள் நிணநீர் நாளங்கள். இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஓர் இதயம் இல்லை. நாம் நடக்கும்போது கால் தசைகள் பிசைவதாலும், மூச்சு விடுவதாலும், நாளங்கள் தாமே மெல்லச் சுருங்குவதாலும் அது மேல் நோக்கி ஏறுகிறது. ஏறிய நீர் கீழே திரும்பிவிடாதபடி நாளங்களுக்குள் வழிநெடுக அடைப்பிதழ்கள் உள்ளன. பாகூர் ஏரியின் மதகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த வாய்க்கால்களின் வழியில் 500க்கும் மேற்பட்ட காவற்சாவடிகள் உண்டு. கழுத்திலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும், வயிற்றுக்குள்ளும் அவரை விதை போல் அமைந்திருக்கும் நிணநீர்க் கணுக்களே அவை. காலில் முள் தைத்த வழியே கிருமி நுழைந்தால், அக்கிருமியும் அதனைப் பற்றிய தகவலைச் சுமந்த அணுக்களும் நிணநீரோடு ஏறித் தொடை இடுக்கிலுள்ள சாவடியை அடைகின்றன. அங்கே காத்திருக்கும் வெள்ளணுக்களில், அந்தக் கிருமியை அடையாளம் காணக்கூடியவை சிலவே. அந்தச் சில, இரண்டாய், நான்காய், ஆயிரமாய்ப் பெருகுகின்றன. சில அணுக்கள் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சில நேரே சென்று போரிடுகின்றன. படை பெருகுவதால் சாவடி வீங்குகிறது. நம் பாட்டிமார் 'நெறி கட்டுதல்' என்று சொன்னது இதனைத்தான். போர் முடிந்தபின் பெரும்படை கலைந்தாலும், பகைவனின் முகத்தை மறவாத சில அணுக்கள் பல்லாண்டு தங்கிவிடுகின்றன. குழந்தைக்கு நாம் போடும் தடுப்பூசிகள் பெரும்பாலும் இந்த நினைவாற்றலை நம்பியே பயன் தருகின்றன.

நெறி இரண்டொரு வாரத்தில் அமுங்கிவிட்டால் கவலையில்லை. வாரங்கள் கடந்தும் அமுங்காத கட்டி, வலியின்றி வளர்ந்துகொண்டே போகும் கட்டி, உடல் மெலிவோடும் காய்ச்சலோடும் வரும் கட்டி ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

இனி, வருத்தத்துக்குரிய அந்தக் கதை.

பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூரில் என் பெரியம்மா வாழ்ந்தார். அவருக்கு இடக்கால் யானைக்கால். திருமணம், பெருநாள் என்று வீடு நிறைந்திருக்கும் நாளில் அவர் கொல்லைப்புற அறையிலேயே இருப்பார். வீட்டில் பெண் எடுக்க வருவோர் பார்த்துவிடக் கூடாது என்பது பெரியவர்களின் எண்ணம். அவர் கையால் தரும் பலகாரத்தைச் சிறுவனாகிய நான் வாங்கி, அவர் பார்க்காதபோது தூக்கி எறிந்திருக்கிறேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?" என்று அவர் ஒருநாள் அழுததும் நினைவிருக்கிறது. அவர் செய்த பாவம் ஏதுமில்லை. அவரைக் கடித்தது ஒரு கொசு.

சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு, நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடிக்கும்போது மிக நுண்ணிய இளம்புழுக்களையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அவை கொசுவின் உடலில் வளர்ந்து, அது வேறொருவரைக் கடிக்கும்போது தோலில் இறங்கி உள்ளே நுழைகின்றன. நுழைந்தவை தேடிச் சென்று குடியேறும் இடம் எது தெரியுமா? நம்மைக் காக்கும் அதே நிணநீர் நாளங்கள்! தலைமுடி போல் மெலிந்த அப்புழுக்கள் அங்கே ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்ந்து, இலட்சக்கணக்கான குஞ்சுகளை ஈனுகின்றன. காவற்படையின் கண்ணில் மண்ணைத் தூவி, சாவடிக்குச் செல்லும் பாதையிலேயே பகைவன் கூடாரம் அடிக்கிறான். குஞ்சுப் புழுக்கள் நள்ளிரவை ஒட்டியே இரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால்தான் சுகாதார ஊழியர்கள் இந்நோய்க்கு இரவில் வந்து இரத்தம் எடுத்தார்கள். இப்புழுக்களை மனித இரத்தத்தில் 1872இல் கல்கத்தாவில் கண்டறிந்தவர் திமோத்தி லூயிஸ். அவை கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் சீனாவில் கண்டவர் பேட்ரிக் மேன்சன்.

புழுக்கள் தங்கிய நாளம் விரிந்து தளர்கிறது. அடைப்பிதழ்கள் பொருந்தாமற் போகின்றன. நீர் மேலேற மாட்டாமல் காலில் தேங்குகிறது. ஆனால் காலை யானைக்கால் ஆக்குவது புழு மட்டுமன்று என்பதைத்தான் நான் காலங்கடந்து அறிந்தேன். நிணநீர் ஓட்டம் தடைப்பட்ட காலில் காவல் குன்றிவிடுகிறது. விரல் இடுக்குச் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, சிறு கீறல் ஆகியவற்றின் வழியே சாதாரணக் கிருமிகள் நுழைந்து பெருகுகின்றன. நடுக்கத்தோடு காய்ச்சல், நெறி, கால் சிவந்து கொதித்தல் ஆகியவை ஏற்படுகின்றன. ஒவ்வொரு காய்ச்சலும் எஞ்சியிருக்கும் நாளங்களையும் சிதைத்து, காலை இன்னும் ஒரு படி பெருக்கச் செய்கிறது.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்னும் பெண் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் இவ்வுண்மையை வலியுறுத்தினர். கிருமி நுழையும் வாயிலை அடைத்துவிட்டால் காய்ச்சல் குறையும். காய்ச்சல் குறைந்தால் வீக்கம் மேலும் பெருகாது. வாயிலை அடைக்கும் மருந்து சோப்பும் தண்ணீரும்!

பெரியம்மாவின் முதுமையில் கிராமச் சுகாதார செவிலி ஒருவர் வந்து, நாள்தோறும் காலைச் சோப்பிட்டு மென்மையாகக் கழுவவும், விரல் இடுக்கெல்லாம் ஈரம் போக ஒற்றி எடுக்கவும், புண்ணுக்கு மருந்து தடவவும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கவும், செருப்பணியவும் கற்றுக் கொடுத்தார். கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் மாதந்தோறும் அவரைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சல் ஆண்டுக்கு ஓரிரு முறையாகக் குறைந்தது. என் திருமணத்தன்று அவர் கூடத்தில் அமர்ந்திருந்தார். "இதை இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் மறைந்து ஆண்டுகள் சில ஆகின்றன. என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இத்தனைக்கும் புதுச்சேரி இந்நோயை எதிர்த்துப் பெயர் பெற்ற மண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் இங்கேதான் நிறுவப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் பெருமுயற்சி ஒன்று நடந்தது. மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், தேங்கிய நீரை வடித்தும், சாக்கடையைச் சீர்செய்தும் கொசுவின் பிறப்பிடத்தை ஒழிக்கும் வழி அது. 2004 முதல் நாட்டின் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் வந்தது. அண்டை நாடான இலங்கை இந்நோயை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் நாடு 2027ஐ இலக்காகக் கொண்டிருக்கிறது. புதிதாக நோய் தொற்றுவது இன்று பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் முன்னரே வீங்கிய கால்கள் மாத்திரையால் வடிவதில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களில் அப்படிப்பட்ட முதியோர் உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

சகோதரிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். நீண்ட உடை காலை மறைத்துவிடும்; நோயை மறைக்காது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாயின் பெண் மருத்துவரையோ செவிலியையோ நாடுங்கள். தொடக்க வீக்கத்தைக் கவனித்தால் கட்டுக்குள் வைக்கலாம். ஆண்களே, இதே நோயால் வரும் விரைவீக்கத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை. அறுவைச் சிகிச்சையால் அதனைக் குணப்படுத்தலாம்.

ஐவேளையும் ஒளுச் செய்யும் வீடுகள் நம்முடையவை. சுண்டுவிரலால் கால் விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவ வேண்டும் என்று என் மாணவருக்கு நான் கற்றுக் கொடுக்கிறேன். இப்போது ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: கழுவிய பின் அந்த இடுக்கை உலரத் துடைத்துவிடுங்கள். துடைப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஈரத்தோடு செருப்பில் நுழைந்த காலில் சேற்றுப்புண் எளிதில் வரும். வீட்டில் கால் வீங்கிய பெரியவர் இருந்தால், அவர் குனிய இயலாதவராயின், ஒரு வேளையேனும் நீங்கள் கழுவித் துடைத்துவிடுங்கள். தொட்டால் ஒட்டாது. கொசுவின்றி இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வருவதுமில்லை. அந்தக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் திருமணத்தைத் தட்டிக் கழிப்பது அநீதியாகும்.

அந்த மாணவனின் நெறி ஒரு வாரத்தில் அமுங்கியது. இப்போது அவன் தன் பாட்டியின் கால் விரல்களைத் துடைத்துவிடுவதாகச் சொல்கிறான். நான் பெரியம்மாவின் பலகாரத்தை எறிந்தது அதே வயதில்தான்.