மாணவர் பெயரில் இணையப் பக்கம்: ஓரங்கட்டிய கம்ப்யூட்டரே போதுமே!

சோழவந்தான்:-
கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி மகனைக் காலேஜுக்கு அனுப்பும் அப்பாக்கள் சோழவந்தான் பக்கம் நிறைய. பையன் மூணு வருஷம் படித்து கடைசியில் ஒரு ‘புராஜெக்ட்’ செய்கிறான். பைண்டிங் போட்டுக் கொடுப்பதோடு சரி, அது அலமாரியில் தூங்குகிறது. வேலை கேட்டுப் போகிற இடத்தில் “நீ செஞ்சதைக் காட்டுப்பா” என்றால் முழிக்கிறான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதற்கு 30 வருஷத்துக்கு முன்பே வழி கண்டுவிட்டன. துறைக்கு ஒரு ‘வெப் சர்வர்’. அதில் வாத்தியார், மாணவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு இடம். முகவரியில் பெயருக்கு முன்னால் அலை மாதிரி கோடு (~) இருந்தால் அது பெரும்பாலும் தனி ஆள் பக்கம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1994-ல் ஜெர்ரி யாங், டேவிட் பைலோ என்ற 2 மாணவர்கள் இணையதளங்களைப் பட்டியல் போட்டு அங்குள்ள கம்ப்யூட்டரிலேயே வைத்தனர். அதுதான் ‘யாகூ’ ஆனது. கூகுளும் முதலில் அதே பல்கலைக்கழக முகவரியில்தான் ஓடியது.

நம்ம ஊர் பெயர் தாங்கிய ‘மதுரைத் திட்டம்’ கூட 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் இதைத் தொடங்கியவர் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்த கல்யாணசுந்தரம். பெயர் மதுரை, பிறந்த வீடு சுவிட்சர்லாந்து!

ஓசி இடம் இருக்கே?

இருக்கிறதுதான். ஆனால் ஓசியில் இடம் கொடுத்த ‘ஜியோசிட்டீஸ்’ கதை என்ன ஆச்சு? யாகூ அதை விலைக்கு வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்தே போயின. தன்னார்வலர்கள் நகல் எடுத்து வைத்தது மட்டும் தப்பியது. பல்கலைக்கழக இடத்தில் வளர்ந்த கம்பெனிதான் மற்றவர் குடிசையைக் காலி செய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

செலவு எவ்வளவு?

லேப்பில் ஓரங்கட்டிய கம்ப்யூட்டர் போதும். லினக்ஸ், அப்பாச்சி இரண்டும் இலவசம். ஒவ்வொருத்தர் கணக்கிலும் ‘பப்ளிக் எச்.டி.எம்.எல்.’ என்று ஒரு போல்டர். அதில் போட்டது வெளியே தெரியும். போல்டருக்கு அனுமதி சரியாகக் கொடுக்காவிட்டால் ‘பார்பிடன்’ என்று திரையில் அடிக்கும். புதுசா செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

சிக்கல் மிஷின் இல்லை, ஆள். கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சுகிற மாதிரி விடாமல் பார்க்க வேண்டும். ‘அப்டேட்’ போடாமல் விட்டால் வெளியாள் உள்ளே புகுந்துவிடுவான். நகல் எடுக்காவிட்டால் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. போட்டவர் மாற்றலாகிப் போனால் பாஸ்வேர்டு யாரிடம் என்றே தெரியாது. ஒரு வாத்தியார், இரண்டு மாணவர் என்று எழுத்தில் பொறுப்பு கொடுக்காமல் சர்வர் வைப்பது வீண் வேலை.

வெளியுலகுக்குத் தெரிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் சென்டர் அனுமதி வேண்டும். பைல் மேஜை மேஜையாகச் சுற்றும். அதுவரை காலேஜ் நெட்வொர்க்குக்குள் மட்டும் ஓட்டலாம். முதலில் எழுத்து, படம் உள்ள பக்கங்களை மட்டும் விட்டு, புரோகிராம் ஓட்ட அனுமதிக்காமல் இருந்தால் பாதித் தலைவலி குறையும். படிப்பு முடிந்த அன்றே பக்கத்தை அழிக்காமல், வேலை தேடும் அந்த ஒரு வருஷமாவது விட்டு வைக்க வேண்டும்.